முதல் வீடு: அடுக்ககமா, தனி வீடா?

எழுபது லட்சம் ரூபாய்க்குச் சென்னையில் என்ன வீடு கிடைக்கும் என்பது, எந்த ரயில் நிலையத்தில் இறங்கிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. குரோம்பேட்டையில் இறங்கினால் தொள்ளாயிரம் சதுர அடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றைக் காட்டுவார்கள். அதே தண்டவாளத்தில் தெற்கே போய்க் கூடுவாஞ்சேரியில் இறங்கினால், அரை கிரவுண்டில் புதிதாகக் கட்டி விற்பனைக்கு நிற்கும் சின்னத் தனி வீடு. இன்னும் நாலு ஸ்டேஷன் தள்ளிச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டால், முழு கிரவுண்டு மனையே வாங்கி மிச்சப் பணத்தில் கீழ்த்தளம் எழுப்பிவிடலாம் என்று தரகர் காகிதத்தில் கணக்குப் போட்டுத் தருவார்.

முதல் முறை வாங்குபவருக்கு வரும் அறிவுரை எப்போதும் இரண்டு கட்சி. ஊரிலிருந்து வந்த பெரியப்பா, "மண்ணுதாம்ப்பா சொத்து. ஃபிளாட்டுல உனக்குன்னு என்ன இருக்கு, நாலு சுவரா? அதுலயும் ரெண்டு பக்கத்து வீட்டுக்காரனோட பொதுச் சுவர்" என்பார். அலுவலக நண்பர், "தனி வீட்டுல மோட்டார் ஓடலைன்னா நீதான் ஓடணும். பொங்கலுக்கு ஊருக்குப் போனா பூட்டிட்டு நிம்மதியா இருக்க முடியுமா?" என்பார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால் இருவரும் வீட்டின் வடிவத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாங்குபவர் தீர்மானிக்க வேண்டியவை வேறு: போடும் பணத்தில் எவ்வளவு மண்ணாக நிற்கப்போகிறது, தினம் எத்தனை மணி நேரம் வழியில் கரையப்போகிறது, தண்ணீர் மோட்டாரிலிருந்து பத்திரத் தகராறு வரை பொறுப்பு யார் தலையில் விழப்போகிறது.

இவற்றை வைத்துப் பார்த்தால், நடுத்தர வருமானத்தில் சென்னையில் முதல் வீடு வாங்கும் பெரும்பாலோருக்கு ஏற்றது இரண்டு கட்சியும் ஏறெடுத்துப் பார்க்காத ஒன்று என்பது என் முடிவு. நகரத்துக்குள், பத்துப் பன்னிரண்டு வீடுகளே உள்ள, இருபது முப்பது வயதான அடுக்ககத்தில் மறுவிற்பனைக்கு வரும் ஃபிளாட்டைச் சொல்கிறேன். ஏன் என்பதற்கு முதலில் மண்கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஃபிளாட்டுக்கு அடியில் இருக்கும் மண்

ஃபிளாட்டில் மண்ணே கிடையாது என்பது தவறு. அடுக்ககம் நிற்கும் மனையில் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் பிரிக்கப்படாத நிலப்பங்கு உண்டு. எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது அதைத்தான். இத்தனை சதுர அடி என்று கிரயப் பத்திரத்தில் எண்ணாகவே எழுதியிருக்கும். விளம்பரத்தில் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பெரிதாகப் போட்டு, இந்த எண்ணை மட்டும் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்க வேண்டிய முதல் எண் இதுவே.

அந்தப் பங்கு எவ்வளவு வரும் என்பதை எஃப்.எஸ்.ஐ. தீர்மானிக்கிறது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு அது. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு 1.5 மடங்காக இருந்தது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. உயர்ந்த கட்டடங்களுக்கு 3.25. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் கட்டலாம்.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பழைய 1.5 கணக்கில் அதில் 3,600 சதுர அடி கட்டலாம். தொள்ளாயிரம் சதுர அடி வீட்டுக்கு 600 சதுர அடி மண் வரும். 2 மடங்கு என்றால் அதே வீட்டுக்கு 450. உயர்ந்த கோபுரத்தில் 3.25 என்றால் 277. கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் உயர்த்தியிருந்தால் அதற்கும் கீழே. வீட்டின் அளவு ஒன்றுதான். காலடியில் உள்ள மண் பாதிக்கும் குறைவாகிவிட்டது.

இதை ரூபாயில் பார்த்தால் பெரியப்பாவின் வாதமே திரும்பிக்கொள்ளும். குரோம்பேட்டையில் மனை சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஃபிளாட்டின் 600 சதுர அடிப் பங்குக்கு மதிப்பு 48 லட்சம். கூடுவாஞ்சேரியில் சதுர அடி 3,500 என்றால், அரை கிரவுண்டு தனி வீட்டின் மொத்த மண்ணுக்கும் மதிப்பு 42 லட்சம். தோட்டத்தோடு தனி வீடு வாங்கியவரைவிட, நாலு சுவர் வாங்கியவர் கையில் மண்ணின் மதிப்பு கூடுதலாக இருக்கலாம்.

ஆனால் இந்த மண்ணைத் தனியாக விற்க முடியாது, வேலி போட முடியாது, ஒரு தென்னங்கன்று நடக்கூடச் சங்கத்தைக் கேட்க வேண்டும். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் நாளில்தான் அதன் மதிப்பு கைக்கு வரும். பல ஆண்டுகள் அந்த நாள் வராமலே இருந்ததற்குக் காரணம், எல்லோருடைய சம்மதமும் தேவைப்பட்டதுதான். பத்தில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டாலும், துபாயில் இருக்கும் பத்தாமவர் கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் நின்றுவிடும். 1994-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாகச் சட்டமன்றம் 2022-ல் நிறைவேற்றி, 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்ககச் சொத்துரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் 1980-களில் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்கள் வரிசையாக இடிபட்டுப் புதிதாக எழுவதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. புது வீட்டில் யாருக்கு எத்தனை அடி என்பது யு.டி.எஸ். வைத்தே பேசப்படும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரத்தில் தனியார் கட்டிய பெரும்பாலான சிறு அடுக்ககங்கள் ஒரு காலத்தில் தனி வீடு நின்ற மனைகளில்தான் நிற்கின்றன. பிள்ளைகள் மூன்று பேர், வீடு ஒன்று, பங்கு பிரிக்க வழியில்லை. கட்டுநரை அழைத்து ஜாயின்ட் வென்ச்சர் போட்டு ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொண்டார்கள். தனி வீடு வாங்குவது பேரன் காலம் வரை என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

பத்திரம், வரி, வங்கி

விலையைத் தாண்டிய செலவு வீட்டின் வகையைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் சொத்துக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம்: தீர்வை 7, பதிவு 2. 2017-ல் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக்கினார்கள். 2023-ல் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை 2 ஆக்கினார்கள். தனி வீடானாலும் மறுவிற்பனை ஃபிளாட்டானாலும் இந்த 9 சதவீதம்தான்.

புதிய ஃபிளாட்டுக்கு மட்டும் வழி வேறு. முன்பு நிலப்பங்குக்கு ஒரு கிரயப் பத்திரமும், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தமும் தனித்தனியாகப் பதிவாகும். 2023 டிசம்பரிலிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே கூட்டு மதிப்பில் பதிவாகின்றன. கட்டுநரிடமிருந்து முதல் முறையாக வாங்குபவருக்கு 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7, அதைத் தாண்டினால் 9. சலுகை போலத் தெரியும். ஆனால் கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் அதன் மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. விலை 45 லட்சத்துக்குள்ளும், சென்னையில் உள்பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் அது 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்த பிறகு விற்கப்படும் வீட்டுக்கும், மறுவிற்பனைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. எழுபது லட்சம் வீட்டுக்குக் கணக்குப் போட்டால், கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு விலைக்கு மேல் 8 லட்சத்து 40 ஆயிரம். பழைய ஃபிளாட்டுக்கோ தனி வீட்டுக்கோ 6 லட்சத்து 30 ஆயிரம். மனையை மட்டும் வாங்கித் தானே கட்டுபவருக்கு 9 சதவீதம் மனை விலைக்கு மட்டும்தான். கட்டடத்துக்குப் பத்திரச் செலவு கிடையாது என்பது அவருக்குள்ள உண்மையான லாபம்.

வங்கி இந்தப் பத்திரச் செலவைக் கணக்கில் எடுக்காது என்பதுதான் முதல் முறை வாங்குபவரைத் திணறடிக்கும் இடம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75. எழுபது லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 56 லட்சம் கிடைக்கும். மீதி 14 லட்சமும் பத்திரச் செலவும் கையில் இருந்தாக வேண்டும். கிரகப்பிரவேசம், கிரில், மாடுலர் கிச்சன் எல்லாம் அதற்கு மேல். 56 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 48,600 ரூபாய்.

கடன் வாங்கினால் வரி மிச்சம் என்று இப்போதும் சொல்பவர்கள் பழைய வரி முறையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் வரையிலான வட்டிக் கழிவு அதில்தான் உண்டு. இப்போது இயல்பாக அமையும் புதிய முறையில், தானே குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. இன்னொரு சின்ன விஷயம் பலருக்குப் பின்னால் நோட்டீஸாக வருகிறது: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியவர் வாங்குபவர்தான்.

எல்லா வகை வீட்டுக்கும் வங்கி காட்டும் முகம் ஒன்றல்ல. புதிய ஃபிளாட் என்றால் பெரும்பாலும் திட்டம் முழுவதுக்கும் முன்பே ஒப்புதல் தந்திருக்கும், கடன் எளிது. தானே கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரம், லின்டல், கூரை என்று கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் பணம் வரும். மேஸ்திரி சனிக்கிழமை கூலி கேட்பார். வங்கி இன்ஜினீயர் அடுத்த புதன்கிழமை வருவார். பழைய ஃபிளாட்டுக்கு, கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்துத் தவணைக் காலத்தைக் குறைப்பார்கள். என் பரிந்துரையில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். நாற்பது வயதுக் கட்டடத்துக்கு இருபது ஆண்டுக் கடன் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே.

தனி வீட்டின் காகிதங்களும் சாலையும்

தனி வீட்டில் வரும் பெரிய ஆபத்து திருடன் அல்ல, மூலப்பத்திரம். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் அடமானமோ வழக்கோ இருக்கிறதா, பட்டா யார் பெயரில், எஃப்.எம்.பி. எனும் புல அளவு வரைபடத்தில் உள்ள அளவும் நேரில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா, பக்கத்து சர்வே எண் ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா — இவை அனைத்தையும் ஒருவரே பார்க்க வேண்டும். ஃபிளாட்டுக்கும் இதே காகிதங்கள்தான். ஆனால் அங்கே ஏற்கெனவே பத்துப் பேரின் வக்கீல்களும் நாலைந்து வங்கிகளும் அதே பத்திரத்தைப் புரட்டியிருப்பார்கள். அது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். பாதி நிம்மதி.

புறநகரில் இன்னொரு சிக்கல் மனை அனுமதி. ஊராட்சித் தலைவர் கையெழுத்தில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்கப்பட்ட மனைப் பிரிவுகள் செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் ஏராளம். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை விதித்தது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்குத்தான் அது பொருந்தும். விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று வரன்முறை ஆகாத மனையை வாங்குபவர் பிறகு கட்டட அனுமதிக்கும் கடனுக்கும் தவிப்பார். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. எனும் நகரத் திட்ட அமைப்புகளின் அனுமதி எண் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அனுமதி பெற்ற மனையில் கட்டட அனுமதி வாங்குவது இப்போது முன்பைவிட எளிது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறலாம். எளிதாகாதது கட்டுவதுதான். மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் விட்டால் சதுர அடிக்கு இத்தனை என்று ஒத்துக்கொண்டவர், பாதியில் கம்பி விலை ஏறிவிட்டது என்பார். லேபர் மட்டும் விட்டால் எம்-சாண்ட் லோடு எப்போது வரும், சென்ட்ரிங் பலகை ஏன் வரவில்லை என்பதெல்லாம் நம் கவலை. விடுப்பு எடுக்க முடியாத வேலையில் இருக்கும் கணவன் மனைவிக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓய்வு பெற்ற அப்பா பக்கத்தில் இருந்து தினம் போய் நிற்பார் என்றால் கதை வேறு. சென்னையின் பல நல்ல தனி வீடுகள் அப்படி ஒரு ஓய்வுபெற்ற அப்பாவின் மேற்பார்வையில் எழுந்தவைதான்.

தனி வீட்டின் பெரிய அனுகூலம் ஒன்றை ஃபிளாட் கட்சிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்: மாடியில் ஒரு போர்ஷன். முதலில் கீழ்த்தளம் மட்டும் கட்டிக் குடிபோய், நாலைந்து வருடத்தில் கையில் பணம் சேர்ந்ததும் மேலே எழுப்பி வாடகைக்கு விட்டால், இ.எம்.ஐ.யில் ஒரு பகுதியை அதுவே அடைக்கும். நாளை பெற்றோர் வந்து தங்கலாம், தம்பி குடித்தனம் வைக்கலாம். ஃபிளாட் வாங்கிய அன்று இருந்த அளவுதான் கடைசி வரைக்கும். மொட்டை மாடியும் அப்படியே. தனி வீட்டில் அது நம்முடையது. வடகம் காயப்போடலாம், 2024-ல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் வாங்கிச் சோலார் தகடு போடலாம். அடுக்ககத்தில் மொட்டை மாடி பொதுச் சொத்து.

சாலை மட்டம் என்று ஒரு பிரச்சினை இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில், முப்பது வருடத்துக்கு முன் மூன்று படி உயரத்தில் கட்டிய வீடு இன்று சாலைக்குக் கீழே இருக்கிறது. மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் பலர் வீட்டையே ஜாக்கி வைத்து அடிகணக்கில் உயர்த்தியிருக்கிறார்கள். ஹரியானாவிலிருந்து இதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் கீழ்த்தளம் முழுகிய வீடுகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி முழுகின. அடுக்ககத்தில் முதல் மாடியில் இருந்தவருக்குக் கார் போயிற்று; தனி வீட்டுக்காரருக்குப் பீரோவில் இருந்த பத்திரமும் போயிற்று. கீழ்த்தள ஃபிளாட்டுக்கும் இதே கதிதான். எதை வாங்கினாலும் அந்தத் தெருவில் 2015-ல் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று எதிரில் இருக்கும் மளிகைக் கடையில் கேட்க வேண்டும். தரகரைக் கேட்கக் கூடாது.

பத்து வீட்டுக்கு ஒரு மோட்டார்

அடுக்ககத்தில் வாங்குவது வீட்டோடு ஒரு சங்கத்தையும். பெரிய வளாகங்களில் மாதப் பராமரிப்பு சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று போடுவார்கள். மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். கிளப் ஹவுஸ் பக்கமே போகாதவரும் அதன் ஏ.சி.க்குக் காசு கொடுப்பார். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், ஜெனரேட்டர், நாலு லிஃப்ட், காவலுக்கு ஏஜென்சி ஆட்கள் எல்லாம் வளாகத்துக்கு வயதாக வயதாகச் செலவைக் கூட்டுபவை. கடன் இருபது ஆண்டில் முடியும். பராமரிப்புத் தொகைக்கு முடிவே கிடையாது.

சிறிய அடுக்ககத்தில் இவை பெரும்பாலும் இல்லை. மோட்டார், மாடிப்படி விளக்கு, பெருக்குபவர் சம்பளம். பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குள் உள்ள, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளின் பொது மின்கட்டணத்தை 2023-ல் தமிழக அரசு யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தபோது பயன்பெற்றவர்கள் இவர்கள்தான். ஆனால் பத்துப் பேர் என்பதில் வேறு தொல்லை. இரண்டு பேர் பணம் தராவிட்டால் பெயிண்ட் அடிக்க முடியாது. செயலாளர் பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள்; ஏற்றவரை எல்லோரும் திட்டுவார்கள். வாங்குமுன் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தாலே அந்தக் கட்டடத்தின் குணம் தெரிந்துவிடும். கார் நிறுத்தத்தைக் 'கவர்டு பார்க்கிங்' என்று தனி விலை போட்டு விற்றிருந்தால் எச்சரிக்கை தேவை. திறந்தவெளி நிறுத்தத்தையும் தூண்களுக்கிடையே உள்ள நிறுத்தத்தையும் தனிச் சொத்தாகக் கட்டுநர் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

தண்ணீர் தனி அத்தியாயம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது, குழாய் இணைப்பு போய்ச் சேராத ஓ.எம்.ஆர். வளாகங்கள் முழுக்க முழுக்க லாரித் தண்ணீரில் ஓடின. நூற்றுக்கணக்கான வீட்டுக்கு ஒரு நாள் லாரி வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கோடை காட்டியது. தனி வீட்டில் போர் வற்றினாலும் ஒரு குடும்பத்துக்குச் சமாளித்துக்கொள்ளலாம். மெட்ரோ வாட்டர் இணைப்பு உள்ள பழைய பகுதியில் இருக்கும் சிறு அடுக்ககம் இந்த விஷயத்தில் இரண்டையும்விடப் பாதுகாப்பு.

புதிய கட்டடம் வாங்குபவர்கள் மௌலிவாக்கத்தை மறந்துவிடக் கூடாது. 2014 ஜூன் 28-ல் அங்கே கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த விபத்துக்குப் பிறகு வந்ததுதான் 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சில் ரெரா. வாங்குபவர்களிடம் வாங்கும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுநர் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, 'சூப்பர் பில்ட்-அப்' என்ற பூசிமெழுகலை விட்டுச் சுவருக்குள் இருக்கும் உள்பரப்பைச் சொல்ல வேண்டும், ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் கட்டுநரே சரிசெய்து தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. அதாவது இரண்டே கால் கிரவுண்டுக்குள் எழும் சிறு கட்டடங்கள் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியேதான். ஆகவே சிறிய அடுக்ககத்தைப் புதிதாக வாங்குவதைவிடப் பழையதாக வாங்குவது மேல். பதினைந்து மழைக்காலம் பார்த்த கட்டடத்தில் ஒழுகல், விரிசல், பூச்சு உதிர்ந்து தெரியும் துருப்பிடித்த கம்பி எல்லாம் கண்ணெதிரே இருக்கும். நம்பிக்கையான ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துப் போய்த் தூண்களையும், மொட்டை மாடியையும், குளியலறைக்கு நேர் கீழே உள்ள வீட்டின் கூரையையும் காட்டினால் போதும்.

ரயில் நேரம்

மண்ணும் பணமும் பேசுகிற அளவுக்கு யாரும் பேசாத விஷயம் நேரம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் போய், அங்கிருந்து பஸ் அல்லது மெட்ரோ பிடிக்க வேண்டும். வேலை சோழிங்கநல்லூரில் என்றால் நேர் ரயிலே கிடையாது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் பைக். குரோம்பேட்டையில் இருப்பவரைவிட ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் கூடுகிறது என்று வைத்தாலும், மாதம் இருபத்திரண்டு வேலை நாளில் ஏறத்தாழ முப்பது மணி நேரம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் அறுபது. பிள்ளை படிக்கும் பள்ளி, பெற்றோரைக் காட்டும் மருத்துவமனை எல்லாம் நகரத்துக்குள்ளேயே இருந்தால் இன்னும் கூடும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்ததும் விலை ஏறியது. அலுவலகங்கள் இடம் மாறவில்லை.

இதனால்தான் "இப்போது மனை வாங்கிப் போடு, பிறகு கட்டிக்கொள்" என்ற அறிவுரையை முதல் முறை வாங்குபவருக்கு நான் ஏற்பதில்லை. மனைக் கடனுக்குத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டும் நாள் தள்ளிக்கொண்டே போகும். மனை இரண்டாவது சொத்தாக வரட்டும். தனி வீட்டின் மேல் உள்ள ஆசை குறையாதவர் நகரப் பழைய ஃபிளாட்டில் பத்தாண்டு இருந்து, கடனைப் பாதி அடைத்து, பிறகு போகலாம். அந்த ஃபிளாட்டுக்கு அப்போதும் வாங்குபவரும் வாடகைக்கு வருபவரும் இருப்பார்கள்.

இது சென்னைக் கணக்கு. திருச்சியிலோ மதுரையிலோ கோவையிலோ வேலை பார்ப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அங்கே அரை மணி நேரத்துக்குள் வந்து சேரும் தூரத்தில், அனுமதி பெற்ற மனைப் பிரிவில், இதே பணத்துக்குத் தனி வீடு கிடைக்கும். அப்படிக் கிடைக்கிற ஊரில் ஃபிளாட் வாங்குவதற்குப் பெரிய காரணம் தேவை: வெளிநாட்டில் இருக்கிறோம், வயதான அம்மா தனியாக இருக்கிறார், பக்கத்தில் நாலு பேர் வேண்டும் என்பது போல.

சென்னையிலும் எல்லோருக்கும் பழைய ஃபிளாட் பொருந்தாது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி, முழங்கால் வலியுள்ள அப்பா என்றால் எத்தனை சதுர அடி யு.டி.எஸ். இருந்தும் பயனில்லை. கீழ்த்தளம் கிடைத்தால் பார்க்கலாம், வெள்ளம் வராத தெருவாக இருந்தால். இரண்டும் அமையவில்லை என்றால், கூடுவாஞ்சேரி அரை கிரவுண்டைத் தள்ளிவிட வேண்டாம். வேலையும் மறைமலை நகரிலோ மகேந்திரா சிட்டியிலோ இருந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.